வாலிடேட்டர் இட்லி மாவையும் பாஸ் பண்ணிய கதை: உங்கள் எக்ஸ்எம்எல் அனுபவங்களையும் சொல்லுங்கள்

அரைப்புள்ளி:

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன், அப்புறம் நீங்கள் ஒவ்வொருவராக வாருங்கள்.

காப்பீட்டுத் துறைக்கு மென்பொருள் எழுதும் வேலை. ஏழெட்டு முகவர் அலுவலகங்களிலிருந்து தினமும் சாயங்காலம் பாலிசி விவரங்கள் எக்ஸ்எம்எல் கோப்பாக (ஒவ்வொரு விவரத்தையும் பெயரிட்ட டேக்குக்குள் வைத்து எழுதும் உரைக்கோப்பு) வந்து விழும். எந்த டேக்கில் என்ன வரலாம் என்று விதி சொல்லும் எக்ஸ்எஸ்டி என்ற ஸ்கீமாவை வைத்து அதைச் சரிபார்த்து டேட்டாபேஸில் ஏற்றுகிற ஜாவா நிரல் என் கைவண்ணம். சரிபார்க்கிற வாலிடேட்டருக்கு, தவறு கண்டால் கூப்பிட எரர் ஹேண்ட்லர் என்று ஒன்றைக் கொடுக்கலாம், அதில் மூன்று மெத்தட் (நிரல் துண்டு) உண்டு: வார்னிங், எரர், ஃபேட்டல் எரர். எடிட்டர் மூன்றையும் காலியாகப் போட்டுக்கொடுத்தது. நான் ஃபேட்டல் எரரில் மட்டும் நாலு வரி எழுதினேன். 'எரர்' மெத்தடில் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒரு கமெண்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்தப் 'பிறகு' வர இரண்டு வருடம் ஆனது.

தெரியாதவர்களுக்காக: டேக்கைத் திறந்து மூடாமல் விட்டால், & தனியாக நின்றால், அந்தக் கோப்பே எக்ஸ்எம்எல் இல்லை. அது ஃபேட்டல். டேக் எல்லாம் ஒழுங்காக இருந்து, தேதி வர வேண்டிய இடத்தில் தேதி இல்லை, தொகையில் எழுத்து இருக்கிறது என்றால் அது வெறும் எரர். ஹேண்ட்லரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அது தன்பாட்டுக்கு மேலே போய்விடும். அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் காதில் பஞ்சு வைத்திருந்தேன்.

டீமுக்குப் புதிதாக வந்த பையன் ஒருநாள் டெஸ்ட் பண்ணுகிறேன் என்று ஒரு கோப்பு தயார் செய்தான். பிரீமியம் தொகை டேக்குக்குள் 'இட்லி மாவு 2 கிலோ'. திரையில் பச்சை எழுத்தில் 'சரிபார்ப்பு வெற்றி'. என் மேஜைக்கு வந்து, "அண்ணா, உங்க வாலிடேட்டர் இட்லி மாவையும் பாஸ் பண்ணுது" என்றான். டேட்டாபேஸில் பார்த்தால் பிரீமியம் பூஜ்யம், ஏனென்றால் அடுத்த கட்டத்தில் எண்ணாக மாற்ற முடியாவிட்டால் பூஜ்யம் போடு என்று இன்னொரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தார்.

அந்த மெத்தடில் ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டு, சேமித்து வைத்திருந்த பழைய கோப்புகளை மறுபடி ஓட்டினோம். 612 கோப்புகளில் 143 விழுந்தன. பெரும்பாலும் ஒரே தவறு: முதிர்வுத் தேதி டேக் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த டேக் வராமலே இருக்கலாம் என்று ஸ்கீமா அனுமதித்திருந்தது, ஆனால் வந்தால் உள்ளே தேதி இருந்தாக வேண்டும். காலி எழுத்துச்சரம் தேதி ஆகாது. அனுப்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை.

வயிற்றெரிச்சல் எது தெரியுமா, நான் ஹேண்ட்லர் என்ற ஒன்றையே கொடுக்காமல் சும்மா இருந்திருந்தால் ஜாவாவின் அந்த வாலிடேட்டர் முதல் எரரிலேயே எக்ஸெப்ஷன் வீசி நின்றிருக்கும். அதன் இயல்பே அதுதான். நான் மெனக்கெட்டு எழுதிக் கெடுத்தேன்.

பழையகோடு:

தம்பி, அதே ஜாவாவில் எக்ஸ்எம்எல் படிக்கிற பழைய டாகுமென்ட் பில்டர் வழியாகப் போய் டிடிடி (எக்ஸ்எஸ்டிக்கு முந்தைய வகை விதிக்கோப்பு) சரிபார்ப்பை ஆன் செய்து ஹேண்ட்லர் கொடுக்காமல் விட்டுப்பாருங்கள். அது நிற்காது. 'ஹேண்ட்லர் வைக்கவில்லை, உங்கள் எண்ணம் அதுவாக இருக்காது, முதல் 10 எரரை மட்டும் அச்சடிக்கிறேன்' என்ற அர்த்தத்தில் கன்சோலில் ஒரு புலம்பல் வரும், அவ்வளவுதான். சர்வரில் கன்சோலை யார் பார்க்கிறார்கள்? ஒரே மொழி, இரண்டு வழி, இரண்டும் நேர் எதிர். அதனால் உங்களை ரொம்பத் திட்ட மனம் வரவில்லை.

நைட்ஷிப்ட்:

நான் புதுச்சேரி. இங்கேயும் சென்னையிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு டைப்செட்டிங் செய்கிற கம்பெனிகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஆத்தர் வேர்டில் அனுப்புவதை ஜாட்ஸ் (ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான டேக் தொகுப்பு) எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தருவது எங்கள் பிழைப்பு. நான் சேர்ந்தபோது அதை என்எல்எம் டிடிடி என்று சொல்வார்கள், 2012இல் அது நிசோ என்ற அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் ஸ்டாண்டர்ட் ஆகி ஜாட்ஸ் என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் ராத்திரி இரண்டு மணிக்கு 'பார்ஸ் ஆகல அக்கா' (கோப்பு சரிபார்ப்பைத் தாண்டவில்லை) என்கிற குரல் மட்டும் மாறவில்லை.

டிடிடி எரரின் லட்சணத்தைச் சொல்கிறேன். ஒரு எலிமென்ட் (திறக்கும் டேக், மூடும் டேக், நடுவில் இருப்பது எல்லாம் சேர்ந்தது) இடம் மாறி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் தப்பு. வருகிற மெசேஜ் ஒரு முழத்துக்கு நீளும்: இந்த எலிமென்ட்டின் உள்ளடக்கம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, ஐம்பது அறுபது எலிமென்ட் பெயர். அதில் எது நம்முடைய தப்பு என்று மட்டும் சொல்லாது. நாங்கள் வைத்திருந்த பார்சரில் (கோப்பைப் படித்துப் பார்க்கும் நிரல்) வரி எண்ணும் உதவாது, ஏனென்றால் அது வெளி எலிமென்ட் மூடுகிற இடத்தில்தான் கணக்குப் பார்க்கும். தப்பு 40ஆம் வரியில் இருக்கும், பழி 900ஆம் வரியில் இருக்கிற மூடும் டேக் மேல் விழும். புதுப் பிள்ளைகள் 900ஆம் வரியை முறைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். எக்ஸ்எஸ்டி இந்த விஷயத்தில் பரவாயில்லை, இந்த எலிமென்ட்டிலிருந்து தப்பு ஆரம்பிக்கிறது, இதற்குப் பதில் இன்னது வர வேண்டும் என்றாவது சொல்லும்.

ஆனால் நான் சொல்ல வந்த கதை பார்ஸ் ஆன கோப்பைப் பற்றியது. நம் ஊர் ஆத்தர் ஒருவர் பெயரை 'இளங்கோவன் கே' என்று எழுதியிருந்தார் (பெயரை மாற்றியிருக்கிறேன்). எங்கள் ஆபரேட்டர் கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று சர்நேம் டேக்கில் 'கே' போட்டுவிட்டான். டிடிடிக்கு என்ன தெரியும், டேக் இருக்கிறது, உள்ளே எழுத்து இருக்கிறது, ஓகே. தரம் பார்க்கும் க்யூசியும் ஓகே. இதழ் வெளிவந்த பிறகு மேற்கோள்களில் எல்லாம் அவர் 'கே' என்ற குடும்பத்துக்காரர் ஆகிவிட்டார். அந்த இன்ஷியல் அவருடைய அப்பா பெயர். அவர் எழுதிய மெயிலை நான் பிரின்ட் எடுத்து ட்ராயரில் வைத்திருக்கிறேன், அவ்வளவு நாகரிகமாகத் திட்டியிருந்தார்.

அதற்கப்புறம்தான் எக்ஸ்எம்எல்லுக்கான இன்னொரு விதி மொழியான ஸ்கீமாட்ரான் பக்கம் போனோம். அதில் விதியையும் நாமே எழுதலாம், விதி மீறினால் வர வேண்டிய வாக்கியத்தையும் நாமே எழுதலாம். 'சர்நேம் ஒரே எழுத்தாக இருக்கிறது, ஆத்தர் தமிழரா என்று பார்' என்று எங்கள் கோப்பில் ஒரு விதி இன்றைக்கும் ஓடுகிறது. ஜெஃப்ரி என்று ஒரு வெள்ளைக்காரருக்கு உண்மையிலேயே சர்நேம் ஒற்றை எழுத்தாக இருந்து அலாரம் அடித்தது, அது வேறு விஷயம்.

டம்ளர்:

இட்லி மாவு 2 கிலோவுக்குப் பாலிசி எடுத்தவர் யார் என்று கண்டுபிடித்தீர்களா?

வரிக்குதிரை:

நான் பட்டது தமிழால் வந்த கஷ்டம். ஒரு கூட்டுறவு அமைப்பின் உறுப்பினர் பட்டியல், முகவரி தமிழில். வாரத்துக்கு ஒருமுறை மொத்தப் பட்டியலும் எக்ஸ்எம்எல்லாக வரும். சில வாரம் சுத்தமாக ஏறும், சில வாரம் 'இன்வேலிட் பைட் 2 ஆஃப் 3-பைட் யுடிஎஃப்-8 சீக்வென்ஸ்' (மூன்று பைட் எழுத்தில் இரண்டாவது பைட் தவறு) என்று மொத்தக் கோப்பும் சாயும். சில சமயம் அது பைட் 3 என்று மாறும். எந்த வரி என்று பார்த்தால் எப்போதும் வரி 1, ஏனென்றால் அனுப்புகிற மென்பொருள் மொத்தக் கோப்பையும் ஒரே வரியில் எழுதித் தள்ளியிருந்தது.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் விஷயம் இவ்வளவுதான். அவர்கள் பக்கம் முகவரியை 100 பைட்டோடு வெட்டுகிறார்கள். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட். இடைவெளி, காற்புள்ளி, கதவு எண் எல்லாம் 1 பைட். வெட்டுக்குள் ஒரு இடைவெளி மட்டும் இருந்தால் மீதி 99, 33 குறி, கத்தி சரியான இடத்தில் விழும். இரண்டு இருந்தால் 98, கடைசிக் குறி இரண்டு பைட்டோடு தொங்கும், பைட் 3 எரர். மூன்று இருந்தால் 97, ஒரு பைட் மட்டும் தொங்கும், பைட் 2 எரர். நான்கு என்றால் மறுபடி சுத்தம். புது உறுப்பினர் யார் சேர்ந்தார், அவர் தெருப்பெயரில் எத்தனை இடைவெளி என்பதைப் பொறுத்து எங்கள் வாரம் விடிந்திருக்கிறது!

அவர்களுக்குப் போன் செய்து சொன்னால், "ஆங்கிலத்தில் ஒரு பிரச்சினையும் வந்ததே இல்லையே சார்" என்கிறார்கள். எப்படி வரும்.

வெட்டு பைட் கணக்கிலிருந்து எழுத்துக்குறிக் கணக்குக்கு மாறியதும் எரர் நின்றது. ஆனால் 'கோ' என்பதையே ஒரு இடத்தில் க, ோ என்று இரண்டு குறியாகவும் இன்னொரு இடத்தில் க, ே, ா என்று மூன்று குறியாகவும் அடித்திருந்தார்கள். கண்ணுக்கு ஒன்று, ஸ்கீமாவின் அதிகபட்ச நீளக் கணக்குக்கு வேறு. அதைத் தனியாக எழுத வேண்டும், இப்போது தெம்பில்லை.

பழையகோடு:

வரிக்குதிரை சொன்ன மாதிரி ஒரே ஒரு பைட்டுக்காக மொத்தக் கோப்பும் சாய்கிறபோது எல்லோருக்கும் ஒரு ஆசை வரும், பார்சரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் என்ன என்று. 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 வந்தபோதே ஃபேட்டல் எரருக்குப் பிறகு வழக்கம்போல் மேலே போகக் கூடாது என்று விதியில் எழுதிவிட்டார்கள். எச்டிஎம்எல்லில் ஒவ்வொரு பிரவுசரும் தப்பான டேக்கைத் தன் இஷ்டத்துக்குச் சரிசெய்து பக்கங்கள் நாறிப்போனதைப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது. எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதிய எச்டிஎம்எல்லான எக்ஸ்எச்டிஎம்எல் பக்கத்தில் ஒரு டேக் விட்டுப்போனால் ஃபயர்ஃபாக்ஸ் மஞ்சள் திரை காட்டி மொத்தப் பக்கத்தையும் மறுத்ததை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். கொடுமைதான். வலைப்பக்கத்துக்கு அது சரிப்பட்டு வரவில்லை, எச்டிஎம்எல் 5 வேறு வழி போனது.

ஆனால் பணக் கணக்குக்கு அந்தக் கொடுமை வேண்டும் என்று நான் செருப்படி பட்டுத் தெரிந்துகொண்டேன். பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் என்று எக்ஸ்எம்எல் படிக்கிற நூலகம், அதில் ரெகவர் என்று ஒரு வசதி இருக்கிறது, உடைந்த கோப்பையும் முடிந்தவரை படித்துத் தரும். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார், ஆன் செய்துவிட்டேன். இன்வாய்ஸ் எல்லாம் ஏறின, கைதட்டல்.

நாலு மாதம் கழித்து கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். முருகன் என்பவர் கணக்கில் அவர் வாங்காத சரக்குக்கெல்லாம் பாக்கி நிற்கிறது. தேடிப் பார்த்தால் அதே ஊரில் 'முருகன்&கோ' என்று ஒரு கடை. & என்ற குறியை எக்ஸ்எம்எல் கேட்கிறபடி மாற்றி எழுதாமல் அப்படியே எழுதியிருக்கிறார்கள். பார்சர் & வந்ததும் இது ஏதோ என்டிட்டி (அந்தக் குறியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் சுருக்கப் பெயர்) என்று நினைத்து 'கோ' வரை படித்து, அரைப்புள்ளி வராததால் மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிட்டது. மிஞ்சியது முருகன். 'முருகன் & கோ' என்று இடைவெளி விட்டு எழுதியிருந்த பில்களில் & மட்டும் போய் 'முருகன் கோ' என்று மூன்றாவதாக ஒரு ஆள் வேறு. எரர் பட்டியல் பார்சரிடம் பத்திரமாக இருந்தது, ரெகவர் ஆன் செய்தாலும் அதைக் கேட்டு வாங்கலாம். நான் கேட்கவே இல்லை.

இப்போதும் ரெகவர் பயன்படுத்துகிறேன், எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும். ஏற்ற மாட்டேன்.

ஓஎம்ஆர்வாசி:

என்னுடையது சின்னக் கதை. அலுவலகத்தில் 2 விநாடியில் முடிகிற வேலை, வாடிக்கையாளர் சர்வரில் ஒரு கோப்புக்கு ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும், அப்புறம் 'கனெக்ஷன் டைம்டு அவுட்'. எக்ஸ்எம்எல் படிக்கிற நிரலுக்கு எதற்கு கனெக்ஷன் என்று குழம்பினால், கோப்பின் தலையில் எக்ஸ்எச்டிஎம்எல் டாக்டைப், அதாவது டிடிடி எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி. பார்சர் ஒவ்வொரு கோப்புக்கும் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தளத்துக்கு ஓடிப்போய் டிடிடியை வாங்கி வருகிறது. வாடிக்கையாளர் சர்வரில் இன்டர்நெட் கிடையாது, கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. பிறகு படித்துப்பார்த்தால் 2008இலேயே டபிள்யூ3சி இதைப் பற்றி அழுதிருக்கிறது, ஒரு நாளைக்கு 13 கோடி கோரிக்கை வரை இந்த மாதிரிக் கோப்புகளுக்காக வந்ததாம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். டிடிடியை உள்ளேயே வைத்து, என்டிட்டி ரிசால்வரில் (வெளிக்கோப்பை எங்கே எடுப்பது என்று பார்சருக்குச் சொல்லும் இடம்) அதைக் கைகாட்டினேன், சரியானது. வெளியாள் அனுப்புகிற கோப்பு என்றால் டாக்டைப் வந்தாலே மறுத்துவிடுகிறேன். சர்வரில் இருக்கிற பாஸ்வேர்ட் கோப்பையே என்டிட்டியாகக் காட்டி உள்ளே இழுக்க முடியும் என்று தெரிந்த பிறகு தூக்கம் வரவில்லை.

அரைப்புள்ளி:

எல்லோருக்கும் நன்றி. டம்ளர், பாலிசிதாரர் எங்கள் டீம் பையன்தான், வாரிசுதாரர் பெயர் சட்னி.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஹேண்ட்லரைச் சரிசெய்ததும் விழுகிற எரரை அப்படியே முகவர் அலுவலகங்களுக்கு மெயிலில் அனுப்பினோம். 'சிவிசி-டேட்டாடைப்-வேலிட்.1.2.1' என்று ஆரம்பிக்கும் மெயில். ஒருத்தரும் பதில் போடவில்லை, பாதிப்பேர் ஸ்பேம் என்று நினைத்திருக்கிறார்கள். நைட்ஷிப்ட் அக்கா எழுதியதைப் படித்த பிறகு போன வாரம் உட்கார்ந்து, அதிகம் வருகிற ஏழு எரருக்குத் தமிழில் வாக்கியம் எழுதினேன்: பாலிசி எண், எந்தக் கட்டம், என்ன எதிர்பார்க்கிறோம்.

மறுநாளே ஒரு அலுவலகத்திலிருந்து போன். "சார், முதிர்வுத் தேதி காலியா இருக்குன்னு மெயில் வந்திருக்கு. இது ஆன்யூட்டி பாலிசி சார், அந்த ஆள் உயிரோட இருக்கிற வரைக்கும் பணம் வரும். இதுக்கு எந்த முதிர்வுத் தேதியைப் போடறது? பக்கத்து சீட்ல 9999 டிசம்பர் 31 போடச் சொல்றாங்க, போடட்டுமா?"

எக்ஸ்எஸ்டிக்கு அது முழுச் சம்மதமான தேதி. போட்டிருந்தால் பச்சை எழுத்துதான். "வேண்டாம்மா, நிறுத்தி வையுங்க" என்றேன். டேக்கையே விட்டுவிடலாம் என்றால் அவர்கள் மென்பொருளில் அதற்கு வழி இல்லையாம், காலியாகத்தான் எழுதுமாம். எனவே தேதி அல்லது காலி என்று ஸ்கீமாவைத் தளர்த்தப் போகிறேன். ஆனால் காலி என்பது ஆன்யூட்டிக்கு மட்டும்தான் செல்ல வேண்டும், ஜாவாவோடு வருவது எக்ஸ்எஸ்டி 1.0, அதில் ஒரு கட்டத்தைப் பார்த்து இன்னொரு கட்டத்தை இப்படிக் கட்டுப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. அக்கா, ஸ்கீமாட்ரானில் இது எப்படி வரும்?

நைட்ஷிப்ட்:

விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் கான்டெக்ஸ்ட்டில் பாலிசி எலிமென்ட்டைப் போடு தம்பி. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் அசெர்ட்டில் 'வகை ஆன்யூட்டி, அல்லது முதிர்வுத் தேதி காலியில்லை' என்பதை எக்ஸ்பாத்தில் (எக்ஸ்எம்எல்லுக்குள் இருப்பதைச் சுட்டும் மொழி) எழுது. காலியைச் சோதிக்கும் முன் ஓர இடைவெளியை நீக்கிவிடு, உள்ளே ஸ்பேஸ் தட்டி அனுப்புகிறவர்கள் இருப்பார்கள். எழுதிப் போடு, நாளைக்குப் பார்க்கிறேன். ஷிப்ட் ஆரம்பிச்சாச்சு, கீழே ஒருத்தன் 900ஆம் வரியை முறைச்சுக்கிட்டு இருக்கான்.