கீட்டோ தொடங்கலாமா? எடை 104 கிலோ, சுகர், பிபி இரண்டும் உண்டு

மூச்சுவாங்கி:
வணக்கம். வயது 44, உயரம் 172 செ.மீ., பிஎம்ஐ 35. எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்வார், நானும் தலையாட்டிவிட்டு வருவேன். இப்போது கூட வேலை பார்க்கும் ஒருவர் கீட்டோவில் (மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பை அதிகமாகச் சாப்பிடும் உணவுமுறை) இறங்கி, முதல் வாரமே 4 கிலோ குறைந்துவிட்டது என்று சட்டையை இழுத்து இழுத்துக் காட்டுகிறார், பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. ஒரு வாரத்தில் போன அந்த 4 கிலோ உண்மையிலேயே கொழுப்பா? ஒரு வருடம் கழித்தும் எடை அப்படியே நிற்குமா? இவ்வளவு கொழுப்பு சாப்பிட்டால் இதயம் என்ன ஆகும்? சுகருக்கு ஒரு மாத்திரை, பிபிக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுப் பட்டியல் யாரும் போட வேண்டாம், அது கொட்டிக் கிடக்கிறது.

தராசுமுள்:
முதல் வாரத்து 4 கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்ந்து சுமார் 500 கிராம் வரை கிளைகோஜன் இருக்கும், அதாவது உடல் எடுத்து வைத்திருக்கும் மாவுச்சத்து இருப்பு. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கார்பை, அதாவது சாப்பாட்டில் வரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும், ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்தினால் அந்த இருப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியேற்றும், அதனோடு இன்னும் கொஞ்சம் தண்ணீர். முதல் வாரத்தில் பலருக்கு வரும் தலைவலி, தசைப்பிடிப்பு, சோர்வு எல்லாவற்றிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மறுபடி வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறுவதும் இதே கணக்குதான், அதைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து ஒரு சோதனை நடத்தினார்கள், 2021இல் வெளியானது. இரண்டு வாரம் கீட்டோ, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். இரண்டிலும் எடை இறங்கியது. ஆனால் உடல் கொழுப்பு தெளிவாகக் குறைந்தது கொழுப்பு குறைந்த உணவில்தான், அதில் அவர்கள் தினமும் 700 கலோரிக்குக் கிட்டத்தட்டக் குறைவாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டே வாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தராசில் விழும் எண்ணும் கொழுப்பும் ஒன்றல்ல என்பதற்கு இது போதும்.

கொழுப்புக்கட்சி:
வந்துவிட்டார் தராசுமுள், எந்தத் திரியில் கீட்டோ என்று எழுதினாலும் தண்ணீர் தண்ணீர் என்று ஓடி வந்துவிடுவார். ப்ரோ, முதல் வாரத்தை விடுங்கள். நான் ஒரு வருடத்துக்கும் மேலாக இதில்தான் இருக்கிறேன், பசி அடங்கிவிட்டது, இரவில் சமையலறைப் பக்கம் போவதே இல்லை. கார்ப் இல்லாதபோது உடல் கொழுப்பிலிருந்து தயாரிக்கும் எரிபொருளான கீட்டோன் உருவாகத் தொடங்கியதும் பசி மட்டுப்படுவது ஆய்விலும் வந்திருக்கிறது. ரத்தக் கொழுப்பில் ட்ரைகிளிசரைட் குறையும், நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் கொஞ்சம் ஏறும். சுகர் உள்ளவருக்குத்தான் இதில் லாபமே அதிகம். 2018இல் வந்த ஆய்வில் 262 சுகர் நோயாளிகள் கீட்டோவில் இருந்தார்கள், ஒரு வருடத்தில் அவர்கள் எடை சராசரி 12 சதவீதம் குறைந்தது, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 7.6இலிருந்து 6.3க்கு வந்தது, பலர் இன்சுலினையே குறைத்தார்கள் அல்லது விட்டார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தராசுமுள்:
அந்த ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் யாருக்கு எது என்று குலுக்கல் போட்டுப் பிரிக்கவில்லை, விரும்பி வந்தவர்கள்தான் சேர்ந்தார்கள், ஒரு மருத்துவக் குழு ஆண்டு முழுக்க அவர்கள் பின்னாலேயே இருந்து மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது. நம் நண்பருக்கு அந்தக் குழு கிடைக்குமா?

குலுக்கல் முறையில் பிரித்து, 12 மாதத்துக்குக் குறையாமல் பார்த்த 13 ஆய்வுகளை 2013இல் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கொழுப்பு குறைந்த உணவை விடக் கீட்டோ கூட்டம் கூடுதலாக இழந்தது சராசரி 0.9 கிலோ. அவ்வளவுதான். 2018இல் 609 பேரை வைத்துச் செய்தது கீட்டோ அளவுக்குக் கடுமையானது அல்ல, ஆனால் கார்ப் குறைத்தவர்கள் ஒரு வருடத்தில் 6 கிலோ, கொழுப்பு குறைத்தவர்கள் 5.3 கிலோ, அந்த இடைவெளியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. மூச்சுவாங்கி, இது உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். ஆறு மாதம் வரை கீட்டோ முந்தும், அப்புறம் ஆட்கள் மெல்ல மெல்லப் பழைய தட்டுக்குத் திரும்புவதால் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேரும். பசி அடங்கி இதிலேயே நிலைத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள், கொழுப்புக்கட்சி அதில் ஒருவர், நல்லதுதான், ஆனால் அவரை வைத்து எல்லோருக்கும் கணக்குப் போட முடியாது.

நிதானம்77:
சண்டையை அப்புறம் போடுங்கள். சார், சுகருக்கும் பிபிக்கும் நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பெயர் என்ன? கடைக்காரப் பெயர் வேண்டாம், அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்குங்கள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

மூச்சுவாங்கி:
பார்த்தேன். சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின். பிபி மாத்திரையில் இரண்டு பெயர் போட்டிருக்கிறது, ஒன்று டெல்மிசார்டான், இன்னொன்று ஹைட்ரோகுளோரோதையசைடு.

நிதானம்77:
நினைத்தேன். சார், மருத்துவரைப் பார்க்காமல் நீங்கள் கீட்டோ தொடங்கவே கூடாது.

டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்து சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத் தள்ளிவிடும், அதனால் ரத்தத்தில் இன்சுலின் இறங்கி கீட்டோன் கொஞ்சம் ஏறும். அதோடு கார்பையும் நிறுத்தினால் கீட்டோன் கட்டுப்பாடு மீறி ஏறி ரத்தம் அமிலமாகிவிடலாம், கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். உணவால் மட்டும் கீட்டோன் ஏறும் நிலையில், அதாவது கீட்டோசிஸில், ரத்தக் கீட்டோன் லிட்டருக்குப் பெரும்பாலும் 0.5 முதல் 3 மில்லிமோலுக்குள் நிற்கும், அதில் ஆபத்தில்லை. கீட்டோஅசிடோசிஸ் வேறு, உயிருக்கே ஆபத்து. இந்த மருந்தோடு வரும்போது சுகர் அளவு அதிகம் ஏறாமலே வரலாம், வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தால் 160, 180 என்று சாதாரணமாகக் காட்டும், நீங்களும் நம்பி உட்கார்ந்திருப்பீர்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது, அசாதாரண அசதி வந்தால் நேராக மருத்துவமனைதான். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015இலேயே இதற்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது.

ஹைட்ரோகுளோரோதையசைடு நீர் பிரிக்கும் மருந்து. தராசுமுள் சொன்ன உப்பும் தண்ணீரும் கீட்டோவால் ஒரு பக்கம் போக, இது இன்னொரு பக்கம் இழுத்தால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். அளவை மாற்ற வேண்டிவரலாம். அதற்காக இரண்டு மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் தப்பு.

கொழுப்புக்கட்சி:
இந்த மருந்து விஷயத்தில் நிதானம் சொல்வதுதான் சரி, நான் மாத்திரை எதுவும் எடுப்பதில்லை, அதனால் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. ஆனால் இதயத்துக்கு ஆகாத கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் பற்றி யாரும் பயமுறுத்த வேண்டாம், எனக்கு ஏறவே இல்லை.

தராசுமுள்:
உங்களுக்கு ஏறவில்லை, சிலருக்கு இரட்டிப்பாகவே ஆகும். சராசரியில் ஏற்றம் சிறிதுதான், ஆனால் நாம் யாரும் சராசரி இல்லையே. வெண்ணெய், கொழுப்பு நிறைந்த இறைச்சி என்று போகிறவருக்கும், மீன், கொட்டைகள், தாவர எண்ணெய் என்று போகிறவருக்கும் பெயர் ஒன்றுதான், ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றாக இருக்காது.

மூச்சுவாங்கி:
எல்லோருக்கும் நன்றி. இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கிறேன். அதுவரை சர்க்கரை போட்ட பானங்களையும் இனிப்பையும் மட்டும் விட்டால் பிரச்சினை இல்லையே? வேறு என்ன கேட்டு வர வேண்டும்?

நிதானம்77:
அதைத் தாராளமாக விடலாம், அது கீட்டோ ஆகாது. வழக்கமான சாப்பாட்டை மட்டும் தவிர்க்க வேண்டாம், பட்டினியும் இந்த மருந்தோடு சேரக் கூடாது. தொடங்குவதற்கு முன் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), எச்பிஏ1சி, கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) மூன்றையும் எடுத்துவிடுங்கள், மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். கீட்டோதான் என்று முடிவானால் சுகர் மாத்திரையை எதற்கு மாற்றுவது, எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று கேளுங்கள். பித்தப்பையில் எப்போதாவது கல் இருந்ததா என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், எடை வேகமாக இறங்கும்போது கல் உருவாகும் வாய்ப்பு கூடும், அது கீட்டோவாக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி.