பைத்தான் படிக்க: முதலில் யூடியூபா, என்பிடெலா?

வைகைக்கரை: பி.காம் முடித்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதால் காலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. பைத்தான் நிரல்மொழி படிக்க ஆசை. கையில் ஃபோன் மட்டும்தான். மதுரையில் இருக்கிறேன். எங்கே தொடங்கலாம்?

கணக்குப்புள்ளை: என்பிடெல்தான். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இணையவழிப் படிப்புத் திட்டம் அது, மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பதியலாம். ஐஐடி ரோபர் பேராசிரியரின் 12 வாரப் பைத்தான் வகுப்பு ஒன்று இருக்கிறது, நிரல் எழுதியே பழகாதவர்களுக்கானது. படிப்பு இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

மொட்டைமாடி: இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஆறு வருஷ இடைவெளிக்குப் பிறகு நேரே ஆங்கில விரிவுரையா? நான் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் மூன்றாவது வாரம் அசைன்மென்ட் தவறியதும் விட்டுவிட்டேன். அப்புறம் யூடியூபில் தமிழில் பார்த்து, வேரியபிள் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்), லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது) இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் ஒரு வகுப்பை முடித்தேன். அக்கா, முதலில் தமிழில் பாருங்கள்.

கணக்குப்புள்ளை: அசைன்மென்ட் தவறினால் குடி முழுகிவிடாது. 12 வார வகுப்பில் சிறந்த 8 அசைன்மென்ட் மட்டுமே கணக்கு, அதற்கும் மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம்தான். மீதி 75 தேர்வுக்கு. பல வகுப்புகளுக்கு விரிவுரையின் தமிழாக்கமும் கிடைக்கிறது. யூடியூபில் நீங்கள் எழுதிய நிரல் தப்பென்று யார் சொல்வார்?

மொட்டைமாடி: அந்த எட்டுக் கணக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் முதல் முறையே விட்டிருக்க மாட்டேன். ஆனாலும் தமிழில் ஒருவர் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டே நாமும் செய்யும்போது வரும் தைரியம், தமிழாக்கத்தைப் படித்தால் வராது.

புத்தகப்பை: இருவருமே ஃபோனை மறந்துவிட்டீர்கள். பைத்தானில் வரி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதே இலக்கணம்; அதில் ஓர் இடைவெளி மாறினாலே நிரல் ஓடாமல் போகலாம். பிரவுசரிலேயே பைத்தான் எழுதி ஓட்டிப் பார்க்கும் கூகுள் கோலாப் ஃபோனிலும் திறக்கும், ஆனால் சின்னத் திரையில் அதைச் சரிபார்ப்பது பெரும்பாடு. புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கணினிகள் இருக்கின்றன. பார்ப்பது ஃபோனில், எழுதுவது அங்கே.

வைகைக்கரை: நூலகம் எனக்கு ஒரே பஸ்! நாளை மகளை விட்டதும் நேரே போகிறேன். இரண்டு வாரம் தமிழ் வீடியோ, அப்புறம் பதிவு. சரிதானே?

கணக்குப்புள்ளை: வீடியோ உங்கள் விருப்பம். பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வகுப்புகள் ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவமாகத்தான் நடக்கும். கடைசித் தேதி போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.