மலை உயரத்தில் தீயணைப்புப் பம்ப் தண்ணீரை இழுக்கவில்லை, வழி சொல்லுங்கள்

காட்டுத்தீ காலம் நெருங்குகிறது. எங்கள் மலைக் குடியிருப்பின் அவசரகாலப் பெட்ரோல் பம்ப் பாதியில் நின்றுவிடுகிறது. தீ வந்தால் மின்சாரம் எந்த நேரமும் போகும், மின்மோட்டாரை நம்ப முடியாது. வெளியேற ஒரே சாலை. நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வண்டியில் ஏற்றும்வரை கூரைகளை நனைத்துவைக்க இந்தப் பம்ப் ஒன்றுதான்.

குழாய் வாய் 2 அங்குலம், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர். மழை முடிந்து குளம் நிறைந்திருந்தவரை நன்றாக ஓடியது. இப்போது நீர்மட்டம் பம்புக்கு 6 மீட்டர் கீழே. எஞ்சின் சீராக ஓடுகிறது, ஆனால் சில நிமிடங்களில் தண்ணீர் காற்றோடு துப்பித் துப்பி வந்து நின்றுபோகிறது.

ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு), வாஷர்கள் புதிது. இணைப்புகளில் டேப் சுற்றியாயிற்று, வடிகட்டியில் அடைப்பில்லை. உறிஞ்சு குழாயும் கெட்டியானது, உள்ளே ஒட்டிக்கொள்வதில்லை. என் சந்தேகம் உயரத்தின் மேல்தான்: கடல்மட்டத்தில் கணக்குப்படி 10 மீட்டர் உறிஞ்சலாம் என்றால், இங்கே காற்றழுத்தம் குறைவதால் அது ஏறக்குறைய 8 மீட்டர்தான். குழாய் உராய்வும் போனால் மிஞ்சுவது கொஞ்சம்.

பம்பைக் குளக்கரைக்கு இறக்கச் சொல்கிறார்கள். அங்கே சுற்றிலும் காய்ந்த புல், தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். பம்பை இயக்குபவரை அங்கே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இதே உயரத்தில், பம்பை மேலேயே வைத்து, 6 மீட்டர் கீழிருந்து தடையின்றித் தண்ணீர் எடுப்பவர்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?