ஷெர்பா 450 இன்ஜினை நம்பி லடாக் போகலாமா?

போடிமெட்டு:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2019 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக், 411 சிசி. 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது, ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை. வரும் ஜூனில் மனைவியோடு மணாலி வழியாக லே வரை போகத் திட்டம். போன முறை தனியாகப் போனேன். லே தாண்டி கர்துங் லா கணவாய் ஏறும்போது த்ராட்டிலை முழுக்கத் திருகியும் வண்டி மெதுவாகத்தான் ஏறியது. இந்த முறை பின்னால் ஒரு ஆளும் இரண்டு பைகளும் உண்டு. அதனால் ஹிமாலயன் 450-க்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். கையிருப்பில் பெரும்பகுதி அதில் போய்விடும். அதில் இருக்கும் ஷெர்பா இன்ஜின் விற்பனைக்கு வந்தது 2023 நவம்பரில்தான். அதை நம்பி அவ்வளவு தூரம் போகலாமா?

காஸ்ட்அயர்ன்:
தம்பி, நேராகவே சொல்கிறேன். இந்தப் பயணத்துக்கு 450 வேண்டாம்.

நான் 1988 புல்லட் ஓட்டுகிறவன். அந்த வண்டியில் டேப்பட் (வால்வு இடைவெளி) பார்க்க என்ன வேண்டும் தெரியுமா? சிலிண்டருக்கு வலப்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி, அதற்கு ஒரே ஒரு நட்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போது கழற்றி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, வால்வை இயக்கும் கம்பியான புஷ்ராடை இரண்டு விரலால் சுற்ற வேண்டும். தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். இடைவெளி அளக்கும் தகடுகூட வேண்டாம், விரலே போதும். நான் பழுதில்லாத இன்ஜினைத் தேடவில்லை, இரும்பு என்றால் என்றைக்காவது பழுதாகும். நின்ற இடத்திலேயே சரிசெய்ய முடிகிற இன்ஜினைத்தான் நான் நம்புவேன்.

உன் 411-லும் அந்தக் குணம் பாதி இருக்கிறது. வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒன்றுதான், இரண்டு வால்வு, ஸ்க்ரூவைத் திருகினால் டேப்பட் இடைவெளி சரியாகிவிடும். 450-இல் இரண்டு கேம்ஷாஃப்ட், நான்கு வால்வு, ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன். ஆக்சிலரேட்டருக்குக் கேபிள்கூடக் கிடையாது, எல்லாம் ஒயர். மணாலி-லே வழியில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று பலகை வைத்திருப்பார்கள், நீயும் பார்த்திருப்பாய். அந்தப் பலகைக்கு அப்புறம் எது கெட்டாலும் யார் வருவார்கள்?

மைக்ரான்:
காஸ்ட்அயர்ன் அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மீதியை ஏற்க முடியவில்லை. நான் ஒரகடம் பக்கம் எந்திரப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இரும்பும் அலுமினியமும் சூட்டில் எவ்வளவு விரியும் என்று அளந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் ரேடியேட்டர் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்கிறேன்.

காற்றில் குளிரும் இன்ஜினில் சிலிண்டரின் முன்பக்கத்துக்குக் காற்று கிடைக்கும், பின்பக்கத்துக்கு அவ்வளவு கிடைக்காது. முன்னும் பின்னும் சூடு ஒன்றாக இருக்காது. மே மாதம் பூந்தமல்லி ரோட்டில் ஊர்ந்து போகும்போது ஒரு சூடு, மலையில் காலை 5 மணிக்கு இன்னொரு சூடு. இத்தனைக்கும் ஈடுகொடுக்க பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விட்டாக வேண்டும். தண்ணீர் சுற்றுகிற இன்ஜினில் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் சேர்ந்து சூட்டை ஒரு சின்ன எல்லைக்குள் வைத்திருக்கும். அதனால் இடைவெளியை இறுக்கமாக வைக்கலாம். தேய்மானமும் குறையும், எண்ணெயும் சீக்கிரம் கெடாது. ரேடியேட்டரை ஒரு கூடுதல் தொல்லை என்று மட்டும் பார்க்காதீர்கள், அது இன்ஜினின் ஆயுளைக் கூட்டுகிற பாகம்.

அப்புறம், 411-இலும் ஆயில் கூலர் உண்டு. குழாயும் குளிர்விப்பானும் அதிலேயே வந்துவிட்டன.

காஸ்ட்அயர்ன்:
ஆயில் கூலரில் ஃபேன் இல்லை, பம்ப் சீல் இல்லை, தெர்மோஸ்டாட் இல்லை. நீங்கள் பட்டறையில் அளக்கிறவர், கணக்கிலேயே கேட்கிறேன். 411-இல் 24.5 எச்.பி., 450-இல் 40 எச்.பி. கூடினது 41 சிசி. அவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது? சுற்றைக் கூட்டித்தானே? இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வேகமாகத் தேயாதா?

மைக்ரான்:
நியாயமான கேள்வி. 411-இன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 86 மி.மீ., உச்ச சக்தி நிமிடத்துக்கு 6,500 சுற்றில். பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 18.6 மீட்டர் வருகிறது. 450-இன் ஸ்ட்ரோக் 81.5 மி.மீ., உச்ச சக்தி 8,000 சுற்றில். அது 21.7 மீட்டர். ஆம், கூடுதல்தான், மறைக்கவில்லை.

ஆனால் உச்சத்தில் யார் நாள் முழுக்க ஓட்டுகிறார்கள்? போடிமெட்டு நண்பர் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்துங் லா சுமார் 5,360 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி, இன்ஜினுக்குக் கிடைக்கும் சக்தியும் ஏறக்குறைய பாதி. 24 எச்.பி. வண்டியில் 12 மிஞ்சும். அதில் இரண்டு பேரை ஏற்றினால் ஏற்றம் முழுக்க த்ராட்டிலை முழுசாகத் திருகியபடியே போக வேண்டும். 40 எச்.பி. வண்டியில் 20 மிஞ்சும். அதே ஏற்றத்தை அது முழு மூச்சு பிடிக்காமல் ஏறும். முக்கிக்கொண்டே ஓடும் சின்ன இன்ஜினா, மூச்சை மிச்சம் வைத்து ஓடும் பெரிய இன்ஜினா, எது அதிக நாள் உழைக்கும்?

இன்னொன்று. கேடிஎம் 390-இன் பழைய இன்ஜின் 373 சிசியில் 43 எச்.பி.க்கு மேல் தந்தது. டாமினார் 400-உம் அதே 373 சிசிதான், 40 எச்.பி. தருகிறது. ஷெர்பா அதே 40-ஐ 452 சிசியில் தருகிறது. இந்தக் கூட்டத்தில் அவசரமில்லாத இன்ஜின் அதுதான்.

காஸ்ட்அயர்ன்:
சரி, அந்த ஒப்பீடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வால்வு விஷயத்தை நீங்கள் தொடவே இல்லை. இரட்டைக் கேம்ஷாஃப்ட் இன்ஜினில் பொதுவாக இடைவெளியை ஷிம் என்ற சின்னத் தகடு வைத்துத்தான் சரிசெய்வார்கள். கேம்ஷாஃப்டை வெளியே எடுத்து, பழைய ஷிம்மை அளந்து, வேறு கனத்தில் ஒன்று போட வேண்டும். அந்தக் கனத்தில் ஷிம் கடையில் இருக்க வேண்டும். போடியில் எந்தப் பட்டறையில் இருக்கும்?

மைக்ரான்:
இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷிம் வைத்த வால்வு ஸ்க்ரூ வைத்ததைப் போல அடிக்கடி நகராது. பயணத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டால் லே போய்த் திரும்பும் வரை அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. கேபிளும் அப்படித்தான். வழியில் வண்டியை நிறுத்துகிற சின்னச் சின்னக் காரணங்களில் ஆக்சிலரேட்டர் கேபிள் அறுவதும் ஒன்று. கேபிளே இல்லாத வண்டியில் எது அறும்?

நாம் பேசுகிற எளிமை ஏற்கெனவே போய்விட்டது அண்ணா. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்த பிறகு எந்தப் புது வண்டியும் ஈ.சி.யூ. என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாமல் வருவதில்லை. 2019 வண்டி பி.எஸ்.4 என்றாலும் அதிலும் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்.ஐ. உண்டு. அது நின்றால் விரலால் புஷ்ராடைச் சுற்றிப் பார்த்துத் தீர்க்க முடியுமா?

தாளவாடி:
இருவரும் இன்ஜினையே பேசுகிறீர்கள். வழியில் நம்மை நிறுத்துவது பெரும்பாலும் இன்ஜினே இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் முன்பு வைத்திருந்தது வேறொரு நிறுவனத்தின் ரேடியேட்டர் வண்டி, பெயர் வேண்டாம். சர்வீஸ் முடித்து எடுத்த மூன்றாம் நாள் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறினேன். 27 கொண்டை ஊசி வளைவுகளில் பத்துகூடத் தாண்டவில்லை, காலில் சூடாக ஏதோ தெறித்தது. இனிப்பான ஒரு வாடை. குனிந்து பார்த்தால் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பாதி கழன்று நிற்கிறது, கிளிப் தளர்ந்து ஹோஸின் நடுவில் வளையல் மாதிரி கிடக்கிறது. சர்வீஸில் கழற்றியவர் திரும்ப இறுக்கவில்லை. மாலை 5 மணி ஆகிவிட்டது. இரவில் போக்குவரத்துத் தடை உள்ள பாதை, யானை நடமாட்டம் வேறு. என்னிடம் ஸ்க்ரூடிரைவர்கூட இல்லை.

பின்னால் வந்த கரும்பு லாரி ஓட்டுநர் நிறுத்தினார். இன்ஜின் ஆறும் வரை அரை மணி நேரம் மூடியில் கை வைக்கவிடவில்லை. அப்புறம் தன் பெட்டியிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை இறுக்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரையே ஊற்றினார். வீடு வந்து சேர்ந்தேன்.

இது யாருக்குச் சாதகம்? ரேடியேட்டர் இல்லாவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, அது ஐயா சொல்வது. ஆனால் சரிசெய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு ஸ்க்ரூ. ‘புது இன்ஜினை வழியில் தொடவே முடியாது’ என்பதும் சரியில்லை.

காஸ்ட்அயர்ன்:
லாரி டிரைவர் வந்ததால் பிழைத்தீர்கள், தாயே. மணாலிக்கும் லேவுக்கும் நடுவில், சர்ச்சுவில் யார் வருவார்? இதையும் சொல்லுங்கள்: அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். சோறே வேகாது. அங்கே ரேடியேட்டர் கொதிக்காதா?

மைக்ரான்:
திறந்த பாத்திரத்தில் கர்துங் லாவில் தண்ணீர் 82, 83 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் ரேடியேட்டர் திறந்த பாத்திரம் இல்லை, பிரஷர் குக்கர் மாதிரி. மூடியே உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், குளிர்விக்கும் திரவமான கூலண்டில் கலந்திருக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கொதிநிலையை இன்னும் ஏற்றும். அந்த உயரத்திலும் 100 டிகிரிக்கு மேலே போனால்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பயப்பட வேண்டியது கொதிப்பதற்கு இல்லை, உறைவதற்கு. வழியில் குறைகிறதே என்று வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் கூலண்ட் நீர்த்துவிடும். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் உள்ளே பனிக்கட்டி கட்டி, இன்ஜினையே விரிசல் விடச் செய்யும். தாளவாடி அக்காவுக்கு லாரி ஓட்டுநர் ஊற்றிய தண்ணீர் திம்பத்தில் சரி, லடாக்கில் சரியில்லை. அரை லிட்டர் கூலண்ட் பையில் இருக்க வேண்டும்.

காஸ்ட்அயர்ன்:
கொதிக்கிற விஷயம் புரிந்தது, அதை விட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று. எந்த நிறுவனமாக இருந்தாலும் முதல் தொகுதி வண்டியை நான் வாங்க மாட்டேன். 2016-இல் 411 ஹிமாலயன் வந்தபோது எத்தனை புகார்கள்! 2017-இல் எஃப்.ஐ.யோடு பி.எஸ்.4 வந்த பிறகுதான் பேச்சு அடங்கியது. 2021 மே மாதம் இதே நிறுவனம் இக்னிஷன் காயில் (இன்ஜினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) குறைக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதில் மீட்டியோர் பைக்கும் உண்டு, அது புது இன்ஜின்.

மைக்ரான்:
அதே பட்டியலில் பழைய இன்ஜினோடு வந்த கிளாசிக்கும் புல்லட்டும் உண்டு அண்ணா. பழைய இன்ஜின் என்பதால் காயில் விட்டுவைக்கவில்லை. 2025-இல் இதே நிறுவனம் ஸ்கிராம் 440 பைக்கின் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தினார்களே, அது உங்களுக்குப் பிடித்த வகை: காற்றில் குளிரும் இன்ஜின், ஒரே கேம்ஷாஃப்ட், இரண்டு வால்வு. அதை நிறுத்த வைத்தது மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட்டோவுக்குள் இருக்கும் உட்ரஃப் கீ, விரல் நகம் அளவு இரும்புத் துண்டு. ஷெர்பாவின் முதல் தொகுதியோ 2023-இலேயே போய்விட்டது. நண்பர் வாங்கப்போவது அதற்கு வெகுநாள் கழித்து வந்த வண்டி.

காஸ்ட்அயர்ன்:
நகம் அளவு துண்டு என்கிறீர்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். எது கெடும் என்று வாங்கும் நாளில் யாருக்கும் தெரியாது. ஓட்டினால்தான் தெரியும். அதனால்தான் 62,000 கி.மீ. தெரிந்த இன்ஜினை விடாதே என்கிறேன்.

போடிமெட்டு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன், மனைவியிடமும் காட்டினேன். அவர் சொன்னது: “ஓட்டினால்தான் தெரியும் என்றால் முன்னாடியே வாங்கி ஓட்டிப் பார்க்கலாமே.” எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மே மாதம் வாங்கி ஜூனில் கிளம்பாமல் ஜனவரியிலேயே 450-ஐ எடுத்துவிடுகிறேன். மூணாறு, வால்பாறை, கொல்லிமலை என்று ஐந்து மாதத்தில் 6,000 கி.மீ. ஓட்டினால், குறை இருந்தால் இங்கேயே வெளியே வரட்டும். 411-ஐ அதுவரை விற்கப்போவதில்லை. மே மாத இறுதியில் எனக்கு 450 மேல் நம்பிக்கை வரவில்லை என்றால் பழையதிலேயே போவோம்.

மைக்ரான்:
நல்ல முடிவு. மே முதல் வாரத்தில் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். அளந்த எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தையாக ‘ஓகே சார்’ என்றால் விடாதீர்கள்.

காஸ்ட்அயர்ன்:
நான் இன்னும் மாறவில்லை தம்பி, நானாக இருந்தால் 411-ஐத்தான் எடுப்பேன். ஆனால் இரண்டையும் வைத்து ஓட்டிப் பார்க்கிறாய், அது சரி. 450-ஐ எடுத்தால் பையில் இவற்றைப் போடு: அரை லிட்டர் கூலண்ட், இரண்டு ஹோஸ் கிளிப், நாலு ஃப்யூஸ், கொஞ்சம் ஒயர். கிளம்பும் முன் வீட்டு வாசலில் வைத்து ஒவ்வொரு கிளிப்பையும் உன் கையாலேயே இறுக்கிப் பார். அதற்கு ஸ்க்ரூடிரைவர் நுழைகிறதா, ஸ்பேனர் வேண்டுமா என்பதை போடியிலேயே தெரிந்துகொள்.