பழைய வீட்டுக்குப் பெயின்ட், கதவு பாலிஷ், அலமாரி: ஒரே கம்பெனியிடம் கொடுப்பதா, தனித்தனியாக ஆள் பிடிப்பதா?

குருசுக்குப்பம்வாசி:
அம்மா இருக்கும் வீடு புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலுக்குக் கிட்டத்தில். முன்பாதி பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. பின்பாதி அப்புறம் கட்டிய சிமென்ட் கட்டடம். 2024 நவம்பர் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு முன் அறையில் இடுப்பு உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து உதிர்கிறது, உப்புப் பூத்திருக்கிறது. வாசலில் தேக்குக் கதவு. மேலே மேலே எனாமல் அடித்து மரமே தெரியவில்லை. அதைச் சுரண்டி பாலிஷ் போட வேண்டும். பின்பக்கம் சமையலறைக்கும் ஒரு படுக்கை அறைக்கும் அலமாரி வேண்டும்.

ஓர் இன்டீரியர் கம்பெனி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்கிறது, பாதி அட்வான்ஸ். முத்தியால்பேட்டை மேஸ்திரி ஒருவர் சதுர அடிக் கூலிக்கு வருகிறேன் என்கிறார். பெயின்ட் நாம் வாங்கித் தர வேண்டும், கதவுக்கு ஆசாரி தனி. கூட்டிப் பார்த்தால் கம்பெனி தொகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வருகிறது. மாமா கம்பெனிக்கே கொடு என்கிறார். அம்மாவுக்கு மேஸ்திரி மேல்தான் நம்பிக்கை. பொங்கலுக்குள் முடிய வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
கம்பெனிக்கே கொடுங்கள். கூடுதல் பணம் எதற்கு என்றால், யார் முதலில் யார் அப்புறம் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தனித்தனியாக ஆள் பிடித்தால் பெயின்டர் கடைசிக் கோட்டு அடித்த மறுநாள் ஆசாரி சுவரில் ஓட்டை போடுவார். பாலிஷ் காயும்போது பக்கத்து அறையில் பட்டி தேய்த்து, அந்தத் தூசி முழுக்கக் கதவில் ஒட்டும். ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள், நடுவில் உங்கள் அம்மா நிற்பார்.

ஜிஎஸ்டி போட்ட பில் கையில் இருந்தால் நாளைக்குக் கேட்க ஒரு இடம் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. மேஸ்திரியிடம் என்ன காகிதம் இருக்கும்?

மஞ்சக்குப்பத்தான்:
கணக்குப்பிள்ளை சார், அந்தக் கம்பெனி வேலைக்கு யாரை அனுப்பும் என்று நினைக்கிறீர்கள்? இதே முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு மேஸ்திரிகளைத்தான். கடலூரிலும் இதே கதை. நம்மிடம் வாங்குவது ஒரு ரேட், மேஸ்திரிக்குப் போவது ஒரு ரேட். நடுவில் குறைகிற பணத்துக்கு மேஸ்திரி எங்கே மிச்சம் பிடிப்பார்? உப்புத்தாள் தேய்ப்பதில் பிடிப்பார், பிரைமர் ஒரு கோட்டைக் குறைப்பார். வெளியில் பார்க்க எல்லாம் வழவழ என்றுதான் இருக்கும்.

மேஸ்திரியிடம் காகிதம் இல்லை என்பதும் சரியில்லை. பேசிய ரேட்டை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, பணத்தை ஜிபேயில் கொடுத்தால் அதுவும் சாட்சிதான். நேரே அவரிடம் பேசினால் சுவரைத் தொடப்போகிற கையோடு பேசுகிறீர்கள்.

சுண்ணாம்புக்காரை:
இரண்டு பேருமே அந்தச் சுவரைத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் பழைய வீட்டு வேலைகளோடு இருப்பவன்.

அந்தக் கால வீடுகளில் அடித்தளத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஓதம் செங்கல் வழியே மேலே ஏறும். கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் தானே காயும். அதன் மேல் சிமென்ட் பட்டி வைத்து அக்ரிலிக் எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. பெயின்ட் படலத்துக்குப் பின்னால் உப்பு படிகமாகி, பூச்சையே தள்ளிவிடும். இடுப்பு உயரத்தில் பொரிகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். மழை அதிகமாக்கியிருக்கும், ஆனால் மழை மட்டும் காரணம் இல்லை.

சோதிப்பதும் சுலபம். பொரிந்த இடத்தில் ஒரு செதிலைப் பெயர்த்துப் பாருங்கள். அதன் பின்பக்கம் வெள்ளையாகப் பட்டி கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்து, சுவரில் காரை மாவு மாதிரி உதிர்ந்தால், அங்கே மறுபடி பட்டி வைப்பது வீண் செலவு. கெட்ட பூச்சை ஓதம் ஏறிய உயரத்துக்கும் ஒரு அடி மேலே வரை செங்கல் தெரியக் கொத்திவிட்டு, காய விட்டு, சுண்ணாம்பிலேயே பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் காரை அரைத்த ஊர் இது. அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும்.

இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தச் சுவர் ஏன் பொரிகிறது?" வாட்டர்ப்ரூஃப் கோட்டு அடித்துவிடலாம் என்று உடனே பதில் வந்தால், அவர் கம்பெனியோ மேஸ்திரியோ, முன் அறையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சாதாரணக் குடும்பம் சுண்ணாம்பு ஆளை எங்கே தேடும்? அதற்காகத்தானே நிபுணர் வேண்டும் என்கிறேன்.

சுண்ணாம்புக்காரை:
நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வைசியாள் வீதி வீடுகளை, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அந்த மாதிரி வேலை தெரிந்தவர்கள் புதுச்சேரியிலேயே இருக்கிறார்கள், இன்டாக் அலுவலகத்தில் விசாரியுங்கள். பார்த்துச் சொல்வதற்கு மட்டும் ஒரு ஆர்க்கிடெக்டுக்குத் தனிக் கட்டணம் கொடுங்கள். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று பலகை வைக்க அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. பெயின்ட் விற்பவரே நோயும் சொல்லி மருந்தும் கொடுத்தால், அவர் கடையில் இருக்கிற மருந்துதான் நமக்கு வரும்.

பெயின்டர்மகன்:
அப்பா இந்தத் தொழிலில்தான் எங்களை வளர்த்தார், அதனால் மேஸ்திரி பக்கம் இருந்து கொஞ்சம். பெயின்ட் வாளியில் பெயின்டருக்கென்று, பணமாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் போட்டு வருவதும், இப்போது கோடு ஸ்கேன் செய்தால் புள்ளி ஏறுவதும் எல்லோருக்கும் தெரியும். அது திருட்டு இல்லை, கம்பெனிகளே கொடுப்பது. ஆனால் ரேட் பேசும்போதே டோக்கன் யாருக்கு என்று பேசிவிடுங்கள், மனஸ்தாபம் வராது. கதவு ஜன்னல் பரப்பைக் கழித்து அளப்பதா, கழிக்காமல் அளப்பதா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். கடைசி நாள் தகராறில் பாதி இதில்தான்.

கதவு பற்றி முக்கியமாக ஒன்று. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். ஆகவே காய்ந்த கதவை மிஷின் வைத்துத் தேய்க்க விடாதீர்கள், ஹீட் கன்னும் வேண்டாம். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் தகட்டால் சுரண்டி, ஈரத்தோடே துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். கதவைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யட்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கமே விட வேண்டாம். வேலை செய்கிறவருக்குக் கையுறையும் மாஸ்க்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். எங்கள் அப்பாவுக்கு அதை யாரும் கொடுக்கவில்லை.

மஞ்சக்குப்பத்தான்:
சுரண்டிய பிறகு என்ன போடுவது? எங்கள் ஆசாரி ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ்தான் தேக்குக்கு அழகு என்பார்.

பெயின்டர்மகன்:
உள்ளே இருக்கும் நாற்காலிக்கு அழகுதான் அண்ணா. வாசல் கதவில் சாரல் பட்டால் வெள்ளை பூத்துவிடும். மெலமைன் பாலிஷும் உள்வேலைக்குத்தான். வெளிக்கதவுக்கு வெளிப்புற பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ், இல்லையென்றால் மரத்துக்கான எண்ணெய்ப் பூச்சு. பியூ பளபளப்பாக நிற்கும், ஆனால் வெயிலில் உரிய ஆரம்பித்தால் மறுபடி முழுக்கச் சுரண்ட வேண்டும். எண்ணெய் அடிக்கடி பூச வேண்டும், சுரண்டும் வேலை இல்லை. கடற்கரை வீட்டுக்கு என் ஓட்டு எண்ணெய்க்கு.

முதுநகர்அக்கா:
நான் கடலூர் முதுநகர். தம்பி, நீங்கள் எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வேலை நடக்கும்போது வீட்டில் இருந்து பார்க்கப்போவது அம்மா. ஆள் வரவில்லை என்றால் போன் செய்வது, சரக்கு தீர்ந்தால் கடைக்கு ஓடுவது, சாமானை அறைக்கு அறை மாற்றுவது, எல்லாம் அவர் தலையில். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் இதற்கும் ஒரு விலை உண்டு. அதனால் கம்பெனி வேண்டவே வேண்டாம் என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள்.

அலமாரியை அவர்களிடம் கொடுக்கலாம், அளவெடுத்து மிஷினில் வெட்டி வருவது சுத்தமாக இருக்கும். ஆனால் எஸ்டிமேட்டில் வெறுமனே "பிளைவுட்" என்று இருந்தால் விடாதீர்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஐஎஸ் 710 முத்திரை உள்ள பலகை என்று எழுதி வாங்குங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பார்க்கிற மெரைன் பிளைவுட் ரகம் அது. பார்ட்டிக்கிள் போர்டு நம் ஊர் ஈரத்துக்கு ஓரம் உப்பிவிடும். கீலும் திருகும் எஸ்எஸ் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பலகை வந்து இறங்கும்போது, மேலே லேமினேட் ஒட்டுவதற்கு முன்னால், முத்திரையைக் கண்ணால் பாருங்கள். ஒட்டிய பிறகு யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, பொங்கலுக்குள் என்பதை மறந்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்த சுவரில் மார்கழியில் அவசரமாகப் பெயின்ட் அடிப்பதுதான் இந்தக் கரையோரம் முழுக்க நடக்கிறது. முன் அறைக்குச் சித்திரை வைகாசிதான் சரி.

குருசுக்குப்பம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை செதிலைப் பெயர்த்துப் பார்த்தேன், பின்னால் பட்டிதான், உள்ளே காரை மாவாக உதிர்கிறது. கம்பெனியிடம் காரணம் கேட்டதற்கு வாட்டர்ப்ரூஃப் கோட்டு என்றார்கள். மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது காரைச் சுவர், எனக்குத் தெரியாது, வேற ஆள் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா அவர் சொன்னதில் ரொம்பத் திருப்தியாகிவிட்டார்.

ஆகவே பின்பாதிச் சுவர் அந்த மேஸ்திரிக்கு. அலமாரி மட்டும் கம்பெனி, 710 என்று எழுதி வாங்கிக்கொண்டு. கதவு ஆசாரிக்கு, ரிமூவர் முறையில். முன் அறையை இப்போதைக்குக் கொத்தி மட்டும் விட்டுவிட்டு, சித்திரையில் சுண்ணாம்பு. அட்வான்ஸ் யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கணக்குப்பிள்ளை:
இப்படிப் பிரித்தால் வரிசையை நீங்கள்தான் பார்க்க வேண்டும், அதில் என் கருத்து மாறவில்லை. முதலில் கொத்து வேலை, அப்புறம் அலமாரி, அதற்குப் பிறகு பெயின்ட். கதவு கடைசி. அட்வான்ஸ் பாதி என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பலகை வீட்டில் இறங்கும்போது ஒரு பங்கு, பொருத்தியதும் ஒரு பங்கு, அலமாரிக் கதவு, இழுப்பறை எல்லாம் சரி பார்த்த பிறகு மிச்சம்.

பெயின்டர்மகன்:
கம்பெனிக்கு அது சரி சார். மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் அந்தக் கணக்கு வேண்டாம். சரக்கை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், கூலியை வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்துவிடுங்கள். அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு அவர் அன்றைக்குத்தான் கொடுக்க வேண்டும்.