தைரொயிட், பிசிஓஎஸ் இரண்டும் இருக்கையில் எடை குறைய மறுப்பது ஏன்?

பனித்தூறல் (தலவாக்கலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். தைரொயிட் சுரப்பி போதிய அளவு வேலை செய்யவில்லை என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கண்டறிந்து தைரொக்சின் மாத்திரையைத் தொடங்கினார்கள். இப்போது நாளொன்றுக்கு 75 மைக்ரோகிராம் எடுக்கிறேன். சென்ற ஆண்டு மூன்று மாதங்களாக மாதவிடாய் வராமலிருந்து, வந்தபோது இரண்டு வாரம் நிற்காமல் போனதால் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பிசிஓஎஸ்ஸும் (சூலகங்களைப் பாதிக்கும் ஹோர்மோன் கோளாறு) இருக்கிறது என்றார்கள். அதற்காக மெட்போமின் 500 மில்லிகிராம் காலையும் இரவும், இரத்தம் குறைந்திருப்பதால் இரும்புச்சத்து மாத்திரை ஒன்று. என் உயரம் 154 சென்டிமீற்றர், எடை 78 கிலோ. திருமணத்தன்று 61 கிலோவாக இருந்தேன். சென்ற மாத இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஹோர்மோன்; தைரொக்சின் போதாவிட்டால் இது கூடும்) 6.8.

நான் அதிகம் சாப்பிடுகிறவள் அல்ல. காலையில் ரொட்டி ஒன்றும் சம்பலும், பகலில் ஒரு கோப்பை சோறும் இரண்டு கறியும், இரவில் மறுபடி ரொட்டியோ கொஞ்சம் சோறோ, அவ்வளவுதான். மூன்று மாதம் இரவுச் சாப்பாட்டை முற்றாக விட்டும் பார்த்தேன்; ஒன்றரைக் கிலோ குறைந்து, பிறகு இரண்டு கிலோ கூடியது. பணம் கட்டிப் பார்த்த வைத்தியர் ஒருவர் ரிப்போர்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "வாயைக் கட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. 32 வருடம் மலையேறிக் கொழுந்து பறித்த என் அம்மா இன்றும் 47 கிலோவைத் தாண்டவில்லை. அவருடைய மகளா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் அறிய விரும்புவது மூன்று விடயங்கள். தைரொக்சின் அளவைக் கூட்டினால் எடை குறையுமா? கோவாவும் நோக்கோலும் தைரொயிட்டுக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், விட்டுவிட வேண்டுமா? சக ஆசிரியை ஒருவர் இணையத்தில் வரவழைத்த மூலிகைத் தூளால் ஆறு கிலோ குறைந்ததாகச் சொல்கிறார், அதை நம்பலாமா? இரண்டாவது குழந்தைக்காகவும் காத்திருக்கிறோம் என்பதால் தவறான எதையும் செய்துவிடப் பயமாக இருக்கிறது.

பழைய மருந்தாளர் (பண்டாரவளை) எழுதியது:

மகள், அளவைக் கூட்டுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்கிறேன். மாத்திரையைக் காலையில் எத்தனை மணிக்கு, எதனோடு விழுங்குகிறீர்கள்? இரும்புச்சத்து மாத்திரையை எப்போது எடுக்கிறீர்கள்? சோயா மீட் வாரத்தில் எத்தனை நாள், எந்த வேளையில் சமைக்கிறீர்கள்? முடி கொட்டுகிறது என்று, பரிசோதனை முடிவை மாற்றிக் காட்டக்கூடிய பயோட்டின் என்ற விற்றமின் சேர்ந்த மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா? இவற்றுக்கு விடை தெரியாமல் அந்த 6.8 என்ற எண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பனித்தூறல் எழுதியது:

நன்றி ஐயா. ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, முதல் தேத்தண்ணியோடு தைரொக்சினைக் குடித்துவிடுவேன். வெறும் வயிற்றில்தான் எடுக்கிறேன், அதில் ஒருநாளும் தவறியதில்லை. ஆறு மணிக்கு ரொட்டி சாப்பிட்டு மெட்போமினையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். சோயா மீட் வாரத்தில் இரண்டு மூன்று நாள், பகலில். பயோட்டின் எடுப்பதில்லை.

பழைய மருந்தாளர் எழுதியது:

நான் நினைத்தது சரியாகத்தான் இருக்கிறது. தேத்தண்ணியை நம் மலைநாட்டில் யாரும் உணவாக எண்ணுவதில்லை. எங்கள் மருந்தகக் கவுண்டரில் "வெறும் வயிறுதான் ஐயா, தேத்தண்ணி மட்டும் குடித்தேன்" என்ற வார்த்தையை நான் கேட்காத வாரமே இருந்ததில்லை. ஆனால் தைரொக்சினுக்கு அந்தக் கோப்பையும் உணவுதான். தேநீர், கோப்பி, பால், சோயா ஆகியவற்றோடு சேரும்போது அந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவது குறைந்துவிடும். இரும்பும் கல்சியமும் இன்னும் மோசம்: அவை மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு அதை உடம்புக்குள் சேரவிடாமல் வெளியேற்றிவிடும் என்பதால் இடையில் நான்கு மணித்தியாலமாவது விட வேண்டும். நீங்கள் விட்டிருப்பது ஒரு மணித்தியாலம். ஆகவே 75 மைக்ரோகிராம் விழுங்குகிறீர்களே தவிர, உடம்புக்குப் போய்ச் சேர்வது அதைவிடக் குறைவு.

செய்ய வேண்டியது சிறிய மாற்றந்தான். மாத்திரையையும் ஒரு போத்தல் வெறும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும், அடுப்படிக்குப் போவதற்கு முன்பே, எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பாடசாலை விட்டு வந்த பிறகு எடுங்கள். அப்போதும் தேத்தண்ணியோடு வேண்டாம், ஏனென்றால் தேயிலையின் சாயம் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு தோடம்பழமோ தேசிக்காய்த் தண்ணியோ கூட இருந்தால் நல்லது. விடியற்காலையில் இப்படிக் காத்திருக்க முடியாத தொழிலாளர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலமாவது சென்ற பின் படுக்கப்போகும்போது எடுப்பதும் உண்டு. கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றலாம்.

இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைவதற்கே ஒரு வாரமளவு ஆகும் என்பதால், நேரத்தைத் திருத்திய மறுவாரம் இரத்தம் பார்ப்பதில் பயனில்லை. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். அதற்குள் அளவைக் கூட்டினால் பின்னர் மருந்து மிஞ்சிப்போய்ப் படபடப்பு, தூக்கமின்மை, இதயத் துடிப்புத் தாறுமாறாதல், எலும்பு மெலிதல் என்று வேறு தொல்லைகள் வரும். எடை குறைப்பதற்கான மருந்தாகத் தைரொக்சினைப் பாவிக்கவே கூடாது.

மூலிகைத் தூளைத் தொடவே வேண்டாம். உடல் மெலிவதற்கென்று விற்கப்படும் தூள்களில், பொதியில் குறிப்பிடாமல் சிபியூட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. இதயத்துக்குக் கேடு என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010ஆம் ஆண்டிலேயே சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. சிலவற்றில் தைரொயிட் ஹோர்மோனையே கலந்துவிடுகிறார்கள். குழந்தைக்குக் காத்திருப்பவர் அப்படியொன்றை வயிற்றுக்குள் போடலாமா?

மரக்கறித் தோட்டம் (கந்தப்பளை) எழுதியது:

கோவாவைப் பற்றி நான் சொல்லலாம், ஏனென்றால் நான் அதைப் பயிரிடுகிறவன். என் மனைவி ஒன்பது வருடமாகத் தைரொக்சின் எடுப்பவர். கோவா, நோக்கோல், முள்ளங்கி ஆகியவற்றில் அயடீன் சுரப்பியைச் சேர்வதைத் தடுக்கும் சத்து இருப்பது உண்மைதான். அதைச் சமைத்தால் பெருமளவு குறைந்துவிடும் என்றும், அயடீன் உப்புப் பாவிக்கும் வீட்டில் சாதாரண அளவுக்குச் சாப்பிடுவதால் தீங்கில்லை என்றும் கிளினிக்கில் எங்களுக்கு விளக்கினார்கள். 1995 முதல் இந்த நாட்டில் கடையில் விற்கும் உப்பில் அயடீன் சேர்த்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பச்சைக் கோவாவை அரைத்துச் சாறாகக் குடிக்காதீர்கள். வறையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆசிரியை அவர்களே. கோவாவை விட்டுவிட்டு அந்த இடத்தை ரொட்டியால் நிரப்புவதுதான் கெடுதல். (என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, இந்தக் கிழமை விலையே இல்லை.)

இரட்டைச்சடை (ஹட்டன்) எழுதியது:

தங்கச்சி, எனக்கும் இந்த இரண்டும் உண்டு. 81 கிலோவிலிருந்து 73க்கு வருவதற்குப் பதினான்கு மாதம் எடுத்தது. அதில் மூன்று மாதம் முள் அசையவே இல்லை. ஐயா சொன்ன மாத்திரை நேரத்தை முதலில் சரிசெய்யுங்கள். ஆனால் அதோடு 17 கிலோவும் கரைந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தைரொயிட் குறைவினால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோவரைதான், அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கும் உப்பும் நீரும் என்று எனக்குச் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் தைரொயிட்டைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தவள் நான்.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். வெறும் ஜேம் போத்தல் ஒன்றை அடுப்படியில் வைத்து, எனக்கென்று தேத்தண்ணி கலக்கும்போதெல்லாம் கோப்பையில் போட்ட அதே அளவு சீனியை அந்தப் போத்தலிலும் போட்டுவந்தேன். விடிகாலை, காலை, பத்து மணி, பகல், நான்கு மணி, இரவு என்று ஆறு கோப்பை. இரவில் தராசில் வைத்துப் பார்த்தால் 70 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமளவோடு நிறுத்துவது நல்லது என்கிறது. மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் சீனியை நான் ஒருத்தியே குடித்திருக்கிறேன், அதுவும் "அதிகம் சாப்பிடுகிறவள் அல்ல" என்று உங்களைப் போலவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு. நீங்கள் எழுதிய பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: ரொட்டி இருக்கிறது, சோறு இருக்கிறது, ஐயா கேட்கும்வரை தேத்தண்ணி என்ற சொல்லே அதில் இல்லை.

பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால் உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது, அது சூலகங்களைத் தூண்டி ஆண்தன்மை ஹோர்மோனைக் கூட்டுகிறது, கருமுட்டை முதிர்ந்து வெளியேறாமல் மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஸ்கேனில் தெரிபவை பலர் பயப்படுவதுபோல் கர்ப்பப்பைக் கட்டிகள் அல்ல, முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப்பைகள். என் பிடரி கறுத்துப்போனதற்கும் இந்த இன்சுலின்தான் காரணம் என்று தெரியாமல், அழுக்கு என்று எண்ணித் தேங்காய்த் தும்பும் தேசிக்காயும் கொண்டு புண்ணாகும்வரை தேய்த்திருக்கிறேன்.

தனியார் இடமொன்றில் எனக்குக் கொடுத்த உணவுத்தாளில் ஓட்ஸ், சமன் மீன், ஒலிவ் எண்ணெய் என்று அச்சடித்திருந்தது. நான் லயத்திலிருந்து வந்தவள். அந்தத் தாளை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிட்டு நம் வீட்டில் இருப்பதையே மாற்றி வைத்தேன். ஒரு ரொட்டிக்கு நான் எடுத்த மா 100 கிராம். மாவில் மட்டும் ஏறத்தாழ 350 கலோரி, தேங்காய்ப்பூ வேறு. அதைப் பாதியாக்கி, பக்கத்தில் அவித்த கடலையோ கௌப்பியோ ஒரு கோப்பையும் முட்டை ஒன்றும் வைத்தேன். பகலில் சோற்றைக் குறைத்து, பருப்பையும் நெத்தலியையும் கீரையையும் கூட்டினேன். இரவுச் சாப்பாட்டை விடவில்லை. விட்டால் மறுநாள் நான்கு மணிக்கு பிஸ்கட் பக்கெட்டே காலியாகிவிடும்.

உங்கள் அம்மாவோடு உங்களை ஒப்பிடாதீர்கள். அவர் முதுகில் கொழுந்துக் கூடையோடு நாள் முழுவதும் செங்குத்தான மலையில் ஏறி இறங்கியவர். நாம் அவர் சாப்பிட்ட ரொட்டியையே சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து கொப்பி திருத்துகிறோம். நான் பஸ்ஸிலிருந்து இரண்டு தரிப்புக்கு முன்னால் இறங்கி மேடேறி நடக்கத் தொடங்கினேன். மழைக்காலத்தில் அட்டைக்கடிக்குப் பயந்து வீட்டுக்குள் கதிரையில் உட்கார்ந்து எழும்புவதை இருபது முறை, மூன்று தடவை செய்வேன்.

உங்கள் 78 கிலோவில் ஐந்து சதவீதம் என்றால் நான்கு கிலோதான். அந்த அளவுக்கே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்கும். எனக்கு ஐந்தாவது மாதத்தில் வந்தது. அதனால் தராசை மட்டும் பார்க்காதீர்கள், அளவு நாடாவால் இடுப்பையும் அளந்து எழுதிவையுங்கள். நம் ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீற்றருக்குள் இருப்பது நல்லது என்பார்கள். நான் இன்னும் 88இல் நிற்கிறேன்.

பனித்தூறல் எழுதியது (ஒன்பது வாரங்களுக்குப் பின்):

அனைவருக்கும் நன்றி. நேற்று கிளினிக் நாள். மாத்திரையின் அளவை மாற்றாமலே டிஎஸ்எச் 2.9க்கு வந்திருக்கிறது. எடை 76.1, இடுப்பு 98இலிருந்து 94. என் ஜேம் போத்தலில் முதல் நாள் 62 கிராம் சேர்ந்திருந்தது. இப்போது மூன்று கோப்பை, கோப்பைக்கு ஒரு சிறு கரண்டி. காலில் வீக்கம் வடிந்து பழைய செருப்பு மறுபடி சரியாக இருக்கிறது. மாதவிடாய் இந்த முறை 38ஆம் நாளில் வந்தது. அம்மாவுக்குத்தான் இன்னும் ஒப்பவில்லை. ஐந்து மணிக்கே சாயத்தை ஊற்றிப் பீரிசால் மூடிவைத்துவிட்டு, ஆறுகிறது ஆறுகிறது என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

பழைய மருந்தாளர் எழுதியது:

நல்லது மகள். இனி ஒன்றைக் கவனத்தில் வைத்திருங்கள். மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது என்றால் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்று பொருள். குழந்தைக்குக் காத்திருப்பவருக்கு டிஎஸ்எச்சை 2.5க்குக் கீழே வைத்திருக்கவே வைத்தியர்கள் பெரும்பாலும் விரும்புவார்கள். ஆகையால் அதைக் கிளினிக்கில் இப்போதே சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போனால் பிசிஓஎஸ் என்று எண்ணி இருந்துவிடாமல் உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். கருத்தரித்திருந்தால் தைரொக்சினின் தேவை முதல் வாரங்களிலேயே கூடிவிடும். குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்வரை காத்திராமல் அந்த வாரமே வைத்தியரைப் பார்த்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.