முதலாம் ஆண்டு பிள்ளைகளுக்கு நலவாழ்வு வகுப்பு: யோசனை சொல்லுங்கள்

உறவுகளுக்கு வணக்கம். மொரீஷியஸ், ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உடல்நலம், மனநலம் பற்றி வகுப்பெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஆறு வாரம், வாரம் ஒரு மணி நேரம்தான்.

தூக்கத்தில் தொடங்க நினைக்கிறேன். இந்த வயதில் இரவு 7 முதல் 9 மணி நேரம் தூங்க வேண்டும். இவர்களில் பலர் நள்ளிரவு தாண்டித்தான் போனைக் கீழே வைக்கிறார்கள். விடிந்ததும் பஸ் பிடித்து ஓடி வருகிறார்கள். காலையில் வீட்டில் சாப்பிடுவதில்லை. பத்து மணிக்கு வாசலில் தால் பூரி, கூடவே ஒரு கோலா. நீரிழிவு அதிகமுள்ள தீவு இது. பாட்டி தினமும் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்தவர்களைப் பயமுறுத்திப் பயனில்லை.

இவர்களில் சிலர் தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்கள். அந்தக் கட்டுப்பாட்டை அன்றாடப் பழக்கமாக்க என்ன வழி?

அப்புறம், எனக்குக் கவலை தரும் விஷயம். பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னபோது ஒரு சீட்டில், 'பேச யாருமில்லை' என்று இருந்தது. யார் என்று தெரியவில்லை. யாரையும் சுட்டாமல் இதை வகுப்பில் எப்படிப் பேசுவது?

மனநல ஆலோசகர்கள், ஆசிரியர்கள் இருந்தால் நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள் என்பதால் எழுத்து குறைந்த பயிற்சிகள் என்றால் நல்லது. வியாழக்கிழமை முதல் வகுப்பு.